உங்களுக்குத் தெரியுமா? பனிக்காட்டுப் பரணில் ஒரு பகல்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் ஒன்பது நாள் துப்பாக்கி மான்வேட்டை நடக்கிறது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை, சூரியன் உதிக்க அரைமணி இருக்கும்போது தொடக்கம். உரிமம் வாங்குகிறவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் மானைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. மரத்தில் கட்டிய பரணில் ஏறி, வெள்ளைவால் மான் எப்போது வரும் என்று மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து என்று இறங்கும் நாட்களும் உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் ஜெயில். ஆகவே சுடுகிற சங்கதி இங்கே வேண்டாம், உடுத்துகிற சங்கதி மட்டும் பார்ப்போம். லே, லடாக் என்று கிளம்புகிறவர்களுக்கும் டொராண்டோவில் மகன் வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

◆ பனிச்சறுக்கு ஆடுகிறவரின் உடுப்பை அப்படியே மாட்டிக்கொண்டு பரண் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு உண்டாக்கும் வெப்பம் ஏறக்குறைய 100 வாட், பழைய குண்டு பல்பு ஒன்று தரும் அளவு. பனியில் மூட்டையோடு நடந்தால் அதுவே நாலைந்து மடங்காகும். இந்த வேட்டைக்காரர் ஒரே காலையில் இரண்டு விதமான ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது: முதலில் அரைமணி நேரம் மூச்சுவாங்க நடப்பவர், பிறகு ஐந்து மணி நேரம் சிலையாக இருப்பவர். நடைக்கு ஏற்ற உடுப்பு உட்காரப் போதாது. உட்கார ஏற்ற உடுப்போடு நடந்தால் வியர்த்துக் கொட்டும்.

◆ அதனால் அனுபவசாலிகள் வண்டியிலிருந்து இறங்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். உள்ளே ஒரு மெல்லிய அடிச்சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான். தடித்த கோட்டும் கால்சட்டையும் முதுகுப்பையில் கட்டப்பட்டிருக்கும். தலையில் தொப்பிகூடக் கிடையாது, கழுத்துப் பட்டன் திறந்தே இருக்கும். மரத்தடிக்குப் போனதும் உடனே கோட்டை மாட்டுவதும் தப்பு. பத்து நிமிஷம் நின்று உடம்பின் ஆவி அடங்க வேண்டும். அடிச்சட்டை ஈரமாகிவிட்டால் அந்த இருட்டிலேயே கழற்றிப் பையிலிருக்கும் உலர்ந்ததை மாற்றிக்கொள்கிறார்கள். மைனஸ் பத்து டிகிரியில் வெற்று மார்போடு அரை நிமிஷம் நிற்பது கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஈரச் சட்டையோடு ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல்.

◆ தண்ணீர், காற்றைப் போல 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடுப்பு நம்மைச் சூடாக வைப்பதே இழைகளுக்கு நடுவில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றால்தான். வியர்வை அந்த இடத்தை நிரப்பினால் ஆயிரம் டாலர் கோட்டும் ஈரத் துண்டுதான்.

◆ நமக்கு உயிரான பருத்தி, அந்தக் காட்டில் தீண்டத் தகாத துணி. பருத்தி நூல் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. சென்னை வெயிலில் அது வரம். வியர்வை மெல்ல ஆவியாக உடம்பு குளிரும். விஸ்கான்சினில் அதே குணம் ஆளைக் கொல்லும். வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் முதல் பாடமே ஜீன்ஸும் பனியனும் வேண்டாம் என்பதுதான்.

◆ ஆட்டு ரோமம் தன் எடையில் சுமார் 30 சதவிகிதம்வரை நீராவியை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதைவிட விசேஷம், ஈரத்தை உறிஞ்சும்போது கம்பளி கொஞ்சம் வெப்பத்தை வெளிவிடுகிறது. இது பாட்டிகள் கட்டிவிட்ட கதை இல்லை, ஆய்வகத்தில் அளந்த உண்மை. இழை நேராக இல்லாமல் சுருண்டு நெளிந்திருப்பதால் காற்றையும் நன்றாகப் பிடித்துவைக்கும். மரக்கிளையில் உரசினால் சத்தமும் வராது.

◆ சத்தம் என்றதும் சொல்லவேண்டியது: மலையேறிகள் அணியும் நைலான் ஜாக்கெட் மழைக்கும் காற்றுக்கும் அருமையாக இருக்கும். ஆனால் கையைத் தூக்கினாலே சரசரக்கும், மான் காதை இந்தப் பக்கம் திருப்பிவிடும். கடையில் வேட்டைக்கோட்டு வாங்க வருகிறவர் கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கைகளையும் ஆட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். 1979-இல் மாசசூசெட்ஸின் மால்டன் மில்ஸ் ஆலை கொண்டுவந்த ஃப்ளீஸ் துணி இவர்களிடையே பரவியதற்கும் அந்த மௌனம் ஒரு காரணம். காற்றடித்தால் ஃப்ளீஸ் சல்லடை மாதிரி விட்டுவிடும் என்பது அதன் குறை. அதனால் இப்போது காற்றைத் தடுக்கும் மெல்லிய படலத்தை இரண்டு ஃப்ளீஸ் அடுக்குக்கு நடுவில் வைத்துத் தைக்கிறார்கள்.

◆ பென்சில்வேனியாவில் ஒரு காலத்தில் காட்டுக்குப் போகும் வேட்டைக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தினார்கள்: சிவப்பும் கறுப்பும் கட்டம்போட்ட கனத்த கம்பளிக் கோட்டு, அதே துணியில் கால்சட்டை. ஊர்க்காரர்கள் கிண்டலாக அதைப் ‘பென்சில்வேனியா டக்சீடோ’ என்றார்கள், அதாவது அந்த ஊர் மாப்பிள்ளை உடுப்பு. அதை நெய்தவர்களில் பேர்பெற்றது வுல்ரிச் நிறுவனம். ஜான் ரிச் என்பவர் 1830-இல் தொடங்கியது. மரம்வெட்டும் முகாம்களுக்குக் கம்பளித் துணியும் சாக்ஸும் விற்று வளர்ந்தது. அந்தக் கட்டம்போட்ட சட்டை 1850-இலிருந்து வருகிறது. வுல்ரிச் என்ற ஊரில் இருந்த அவர்களுடைய ஆலை 2018-ஆம் ஆண்டு இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் பிழைத்திருக்கிறது. தாத்தாவின் கோட்டைப் பேரன் பீரோவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போகும் வழக்கமும் அங்கங்கே பிழைத்திருக்கிறது.

◆ கம்பளிக்கும் ஓர் எல்லை உண்டு. 1935-இன் குளிர்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் எடி பாவர் என்ற விளையாட்டுச் சாமான் கடைக்காரர் மீன்பிடிக்கப் போனார். மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு உறைந்து கனக்க, மலைச்சரிவில் உணர்விழக்கும் நிலைக்குப் போய்விட்டார். உயிர் தப்பி வந்தவர், வாத்துப் பறவைகளின் உள்ளிறகைத் துணிக்கு நடுவில் திணித்துக் கட்டம்கட்டமாகத் தைத்த ஜாக்கெட்டை உருவாக்கினார். 1940-இல் காப்புரிமையும் வாங்கினார். இன்றைக்கு விமான நிலையங்களில் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நடப்பவர்கள் எல்லாரும் அந்த மழைக்குக் கடன்பட்டவர்கள். வேடிக்கை என்னவென்றால் இறகு கம்பளியைவிட லேசாக இருந்தாலும் ஈரம் பட்டால் கம்பளியைவிட மோசமாகப் படுத்துவிடும். வறண்ட கடுங்குளிருக்கு இறகு, ஈரப் பனிக்குக் கம்பளியோ செயற்கை இழையோ என்று ஆள் பார்த்து அல்ல, வானம் பார்த்து எடுக்க வேண்டும்.

◆ மானிடமிருந்து மறைந்திருக்க வேண்டியவர், பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறார்? மனிதர்களால் சுடப்படாமல் இருக்க. விஸ்கான்சினில் 1945-இல் சிவப்பு உடுப்பைக் கட்டாயமாக்கினார்கள். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரிந்து தொல்லை தந்தது. 1980-இல் ஒளிரும் ஆரஞ்சுக்கு மாறினார்கள். இடுப்புக்கு மேலே வெளியில் தெரியும் துணியில் பாதியாவது அந்த நிறமாக இருக்கவேண்டும், தொப்பி போட்டால் தொப்பியிலும் பாதி. தாத்தாவின் சிவப்புக் கட்டக் கோட்டு இன்றைக்குச் சட்டப்படி செல்லாது. அதற்கு மேல் ஓர் ஆரஞ்சு கையில்லாச் சட்டையை மாட்டிக்கொண்டால் செல்லும்.

◆ அந்த ஒளிரும் சாயத்தின் கதை இன்னொரு பக்கம் போகிறது. 1930-களில் பாப், ஜோ ஸ்விட்சர் என்ற அண்ணன் தம்பி உருவாக்கியது. விபத்தில் அடிபட்டுக் கண்பார்வை தேறும்வரை இருட்டறையில் கிடந்த பாப், அப்போதுதான் ஒளிரும் பொருள்களை நோண்ட ஆரம்பித்தார். தம்பி ஜோவுக்கு மேஜிக் காட்டுவதில் ஆசை, இருட்டில் மின்னும் வண்ணங்கள் மேடைக்கு உதவுமே என்று சேர்ந்துகொண்டார். இரண்டாம் உலகப்போரில் அந்தச் சாயம் பூசிய துணிகளைத் தரையில் விரித்து, ‘நாங்கள் உங்கள் ஆட்கள்தான், குண்டு போடாதீர்கள்’ என்று தங்கள் விமானங்களுக்குக் காட்டினார்கள். வேட்டைக்காரரின் கோட்டும் இன்றைக்கு அதையேதான் சொல்கிறது.

◆ மானுக்கு அந்த ஆரஞ்சு எப்படித் தெரிகிறது? நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு அணுக்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டே. நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. சிவப்புக்கு ஆள் இல்லை. 1992-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மான் ஆராய்ச்சியாளர்களும் பார்வை விஞ்ஞானிகளும் கூடி மான்களின் கண்ணைச் சோதித்து இதை உறுதிசெய்தார்கள். ஒளிரும் ஆரஞ்சு அதற்கு ஏதோ மஞ்சள் கலந்த மங்கல் நிறம், இலையுதிர்ந்த காட்டோடு காடாகக் கலந்துவிடும். நீல ஜீன்ஸ் போட்டவர்தான் மாட்டிக்கொள்வார். ஜீன்ஸ் வேண்டாம் என்றதற்கு இது இரண்டாவது காரணம்.

◆ அதே கண்ணுக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு. மனிதக் கண்ணின் லென்ஸ் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், மானின் லென்ஸ் உள்ளே விட்டுவிடும். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் என்ன செய்கிறது தெரியுமா? புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புகிறது. நம் வீடுகளில் டினோபால் போட்டு வேட்டியைப் பளிச்சென்று ஆக்கினோமே, அதே சரக்கு. இருநூறு டாலர் கொடுத்து இலைதழை அச்சிட்ட உடுப்பு வாங்கி, வீட்டம்மா வழக்கமான சோப்புத்தூளில் துவைத்துக் கொடுத்தால், விடியற்கால மங்கலில் மான் கண்ணுக்கு அது நீலமாக மினுங்க வாய்ப்பிருக்கிறது. ஆகவே வெண்மையூட்டியும் வாசனையும் இல்லாத தனிச் சோப்பு விற்கிறார்கள். துவைத்த உடுப்பைச் சமையல் வாசம் படாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், பைன் கொப்போடு போட்டு வைக்கிறவர்களும் உண்டு. அதே உடுப்போடு பெட்ரோல் பங்க்கில் இறங்கி எண்ணெய் போட்டால் எல்லாம் போச்சு.

◆ 2016-இல் விஸ்கான்சின், ஒளிரும் இளஞ்சிவப்பையும் அனுமதித்த முதல் மாநிலமானது. பெண்களை வேட்டைக்கு இழுக்கும் யோசனை அது. ‘எங்களுக்குச் சரியான அளவில் கோட்டு தைத்துக் கொடுங்கள், நிறத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிற ரீதியில் சில பெண் வேட்டைக்காரர்கள் எரிச்சல்பட்டார்கள். எரிச்சலில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது.

◆ உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்று சொல்லாத தாத்தா இல்லை. 1970-இல் வந்த அமெரிக்க ராணுவக் கையேடும் 40 முதல் 45 சதவிகிதம் என்று எழுதியது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2008-இல் இதைக் கட்டுக்கதைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உடம்பின் பரப்பில் தலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, வெப்ப இழப்பும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் மற்றதெல்லாம் மூடியிருக்கும்போது தலை மட்டும் திறந்திருந்தால் அதுதான் ஓட்டை. தாத்தாவின் கணக்கு தப்பு, மங்கி கேப் சரி.

◆ விஸ்கான்சின், மிச்சிகன் காடுகளில் இன்றும் கண்ணில் படும் ஸ்டார்மி குரோமர் தொப்பி 1903-இல் ரயில் எஞ்சினில் பிறந்தது. ஜார்ஜ் ‘ஸ்டார்மி’ குரோமர் ரயிலோட்டி, பேஸ்பால் ஆட்டக்காரரும்கூட. எஞ்சினிலிருந்து தலையை நீட்டும்போதெல்லாம் தொப்பி காற்றில் பறந்தது. மனைவி ஐடா தன் கணவரின் பழைய பேஸ்பால் தொப்பியில் காதுவரை இழுத்துவிடும் ஒரு பட்டியைத் தைத்துக் கொடுத்தார். மற்ற ரயில்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். 2001 முதல் மிச்சிகனின் அயன்வுட்டில் தைக்கிறார்கள். தைத்தவர் ஐடா, பெயர் மட்டும் குரோமருடையது.

◆ ஷெர்லாக் ஹோம்ஸ் தலையில் இருப்பது துப்பறிபவரின் தொப்பி அல்ல, ஸ்காட்லாந்து மான்வேட்டைத் தொப்பி. முன்னும் பின்னும் நீட்டிய விளிம்பு ஒன்று வெயிலுக்கு, ஒன்று பின்கழுத்தில் மழை இறங்காமலிருக்க. காது மூடிகளை மேலே கட்டியும் வைக்கலாம், கீழே இறக்கியும் விடலாம். அந்தத் தொப்பியின் பெயரை எழுத்தாளர் கானன் டாயில் கதைகளில் எழுதவே இல்லை. 1891-இல் ஓவியர் சிட்னி பேஜட் வரைந்துவிட்டார், ஒட்டிக்கொண்டது.

◆ ஸ்காட்லாந்து மலைகளில் பரண் கிடையாது, மரமே குறைவு. ஈரப் புல்வெளியில் வயிற்றால் ஊர்ந்து போகவேண்டும். ஆகவே ஒவ்வொரு பண்ணைக்கும் தன் மலையின் நிறத்தில் தனி ட்வீட் துணி. 1853-இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் பால்மோரல் மாளிகைக்காக வடிவமைத்த ட்வீட், தூரத்தில் சாம்பலாகத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் கருநீலமும் வெள்ளையும் சிவப்புப் புள்ளிகளும் தெறித்திருக்கும், அந்தப் பக்கத்துக் கருங்கல் மாதிரி.

◆ ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் லோடன் என்ற துணியை நம்புகிறார்கள். கம்பளியை நெய்து முடித்தபின் வெந்நீரும் சோப்பும் விட்டு அடித்து அடித்துச் சுருக்கினால், நூல்கள் ஒன்றோடொன்று பின்னி, தண்ணீர் நிற்காமல் உருண்டோடும் தடித்த துணியாகிவிடும். ஆஸ்திரியாவின் ராம்சாவ் ஊரில் 1434 முதல் இந்த வேலை நடந்துவருவதாகக் கணக்கு. லோடன் கோட்டின் முதுகில் ஆழமான ஒரு மடிப்பு இருக்கும். நாகரிகத்துக்கு வைத்தது அல்ல. துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கும்போது முதுகுத் துணி இழுபடாமல் அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே: உயர்ந்த மரக்கூண்டில் காத்திருப்பவர்கள் இடுப்புக்கு மேல்வரை வரும் கம்பளிச் சாக்குக்குள் காலோடு இறங்கி உட்கார்ந்துகொள்கிறார்கள். மான் வந்தால் எழுந்து நிற்கத் தேவையில்லை என்பதால் அது செல்லுபடியாகிறது.

◆ காலுக்கு வருவோம். அதிகம் பேர் தோற்பது அங்கேதான். ஒரு சாக்ஸுக்கு மேல் இன்னொரு சாக்ஸ் திணித்தால் சூடு இரட்டிப்பாகும் என்று நினைப்பது புதியவரின் வழக்கம். பூட்ஸ் இறுகும், ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். விரலை உள்ளே அசைக்க முடிகிறதா என்பதே சோதனை. நடந்துபோன சாக்ஸை மரத்தடியில் மாற்றவேண்டும். உள்ளே கழற்றக்கூடிய ஃபெல்ட் உறை உள்ள பூட்ஸாக இருந்தால் ராத்திரி அதை வெளியே எடுத்து அடுப்பருகே உலர்த்த வேண்டும், சோம்பல்பட்டு உள்ளேயே விட்டால் மறுநாள் கால் விறைக்கும். பரணின் இரும்புத் தட்டு உள்ளங்காலிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் பழைய கார்ப்பெட்டுத் துண்டு ஒன்றைக் காலடியில் விரிக்கிறார்கள். காலடிச் சத்தமும் அடங்கும், செலவும் இல்லை.

◆ மெய்ன் மாநிலத்தின் லியான் லியான்வுட் பீன் என்பவர் காட்டுக்குப் போய் ஈரக்காலோடு திரும்பித் திரும்பிச் சலித்துப்போனார். 1912-இல் கீழே ரப்பர், மேலே தோல் வைத்து ஒரு பூட்ஸ் செய்தார். வெளியூரிலிருந்து வந்து வேட்டை உரிமம் வாங்கியவர்களின் பட்டியலைப் பிடித்து விளம்பரம் அனுப்பினார். முதல் 100 ஜோடியில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தன. எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கித் திருத்திச் செய்தார். எல்.எல்.பீன் கம்பெனி இன்றும் அந்தப் பூட்ஸை விற்கிறது.

◆ கொரியப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் பனிக்கடிக்கு ஆளானபிறகு ராணுவம் ஒரு விசித்திரப் பூட்ஸைக் கொண்டுவந்தது. இரண்டு ரப்பர்ச் சுவர்கள், நடுவில் காற்றுப் புகாமல் அடைத்த கம்பளி. வெளி ஈரமும் கால் வியர்வையும் கம்பளியைத் தொடவே முடியாது. கறுப்பு ரகம் மைனஸ் 29 டிகிரிவரை, வெள்ளை ரகம் மைனஸ் 54 வரை. கறுப்புக்கு மிக்கி மவுஸ் பூட்ஸ், வெள்ளைக்கு முயல் பூட்ஸ் என்று பட்டப்பெயர். பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு திருகு இருக்கும். விமானத்தில் ஏறினால் அதைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து பூட்ஸே பலூனாகும். ராணுவம் கழித்துக்கட்டிய இந்த ஜோடிகளைத் தேடிப்பிடித்து வாங்கும் மான்வேட்டைக்காரர்கள் நிறைய. நடக்க லாயக்கில்லை, உட்கார நிகரில்லை.

◆ வட ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் சாக்ஸே போடாமல் துருவக் குளிரைத் தாண்டினார்கள். கலைமான் தோல் காலணிக்குள் கோரைப்புல். கோடையில் ஈரநிலத்தில் அறுத்து, அடித்து மென்மையாக்கி, சிக்கெடுத்துச் சீவி, வளையமாகப் பின்னி வைத்துக்கொள்வார்கள். காலையில் பிரித்துப் பாதத்தைச் சுற்றி அடைப்பார்கள், இரவில் உருவி நெருப்பருகே உலர்த்துவார்கள். தென் துருவம் போன ஆமுண்ட்சென், ஸ்காட் இருவருமே இந்தப் புல்லை எடுத்துப்போனார்கள்.

◆ புல்லின் பெருமை இன்னும் பழையது. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற ஆதிமனிதனின் உடல் 5,000 ஆண்டுகளுக்கும் முந்தையது. காலணிக்குள் மரநாரில் பின்னிய வலை, வலைக்குள் உலர்ந்த புல். தலையில் பழுப்புக் கரடித் தோல் தொப்பி, தாடைக்குக் கட்டும் வாருடன். கோட்டு வெள்ளாடும் செம்மறியும் கலந்து தைத்தது, அம்பறாத்தூணி மான்தோல். செக் நாட்டுக் காலணி வல்லுநர்கள் அதே மாதிரிக் காலணி செய்து மலையில் நடந்து பார்த்துப் பாராட்டினார்கள்.

◆ ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை கொடுத்த கையுறையைவிட, நான்கு விரலையும் ஒரே அறையில் போட்ட கையுறை சூடாக இருக்கும். விரலுக்கு விரல் சூடு கொடுத்துக்கொள்ளும். ஆனால் அதோடு துப்பாக்கி விசையைத் தொடக்கூடாது, எப்போது வெடிக்கும் என்று விரலுக்கே தெரியாது. ஆகவே விரல்நுனி மூடியை மடித்துத் திறக்கும் ரகம்.

◆ கையில் கசக்கும் சூட்டுப் பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். உறையைக் கிழித்ததும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும், துருப்பிடித்தலின் சூடுதான் அது. காற்று வேண்டும் என்பதால் இறுக்கமான பூட்ஸுக்குள் வைத்தால் பாதியில் அணையும். பாதி நேரத்தில் வேட்டை முடிந்துவிட்டால் காற்றுப்புகா ஜிப் பையில் போட்டு மூடினால் துருவும் நின்றுவிடும், மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு மூத்தது 1923-இல் ஜப்பானில் வந்த ஹக்கின்: பஞ்சில் ஊறிய பென்சின், பிளாட்டினத்தைத் தொட்டுச் சுடரில்லாமல் எரியும் சட்டைப்பைக் கணப்பு.

◆ வானிலை அறிக்கையில் சொல்லும் ‘காற்றுக் குளிர்’ எண்ணை 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் திருத்தின. அதற்காக டொராண்டோவில் தன்னார்வலர்களைக் குளிர்காற்றுச் சுரங்கத்தில் நடக்கவிட்டு முகத்தின் சூட்டை அளந்தார்கள். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்றடித்தால் உணர்வது மைனஸ் 29. இதில் ஒளிந்திருக்கும் சேதி: அந்தக் கணக்கு, எதிர்க்காற்றில் நடந்துகொண்டிருப்பவருக்குப் போட்டது. பரணில் அசையாமல் இருப்பவர் டிவி சொல்வதைவிட ஒரு சட்டை கூடுதலாக எடுத்துக்கொள்வது நல்லது.

◆ 1940 நவம்பர் 11. மின்னசோட்டாவில் காலையில் நவம்பருக்கு ஒவ்வாத இதமான வெயில். விடுமுறை நாள் என்பதால் மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்கு வாத்துவேட்டைக்காரர்கள் மெல்லிய கோட்டோடு படகேறினார்கள். மத்தியானம் காற்று திரும்பியது, வெப்பம் சரசரவென்று இறங்கியது, ஆறு கொந்தளித்துப் படகுகளைக் கவிழ்த்தது. சில இடங்களில் இரண்டடிக்கும் மேல் பனி. அக்கம்பக்கத்து மாநிலங்களையும் சேர்த்துச் செத்தவர்கள் மொத்தம் ஏறக்குறைய 150 பேர், மின்னசோட்டாவில் மட்டும் 49. தப்பியவர்களில் பலர் இரவு முழுக்க ஒருவரையொருவர் அடித்தும் குதித்தும் தூங்கவிடாமல் விடியவைத்தவர்கள். வினோனா ஊர் விமானி மாக்ஸ் கான்ராட் மறுநாள் அந்தக் காற்றிலேயே தன் சின்ன விமானத்தைக் கிளப்பி, தீவுகளில் ஆள் தெரிந்த இடமெல்லாம் சாண்ட்விச், தீப்பெட்டி, சிகரெட், விஸ்கி அடைத்த தகரடப்பாக்களைப் போட்டார். எந்த நவம்பர் வெயிலையும் நம்பி அந்தப் பக்கத்து வயசாளிகள் ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை.

◆ அந்த விஸ்கி பற்றி: சாராயம் தோலடி ரத்தக்குழாய்களை விரிக்கும், சூடான ரத்தம் வெளியே வரும், ‘ஆகா’ என்று இருக்கும். உள்சூடு அதே வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். வேட்டைக்காரர்கள் தங்கும் குடிலில் ராத்திரி அடுப்பருகே சரி, பரணில் ஆகாது. பரணிலிருந்து விழுகிற ஆபத்து வேறு.

◆ உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் புத்தி தடுமாறும். நாக்குக் குழறுவது, பட்டன் போடத் தெரியாமல் விழிப்பது முதல் அடையாளங்கள். கடைசிக் கட்டத்தில் சிலர் வேகிறது என்று உடுப்பைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பனியில் செத்துக்கிடப்பவர்களைப் பாதி ஆடையோடு கண்டெடுப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

◆ கனடாவின் இனுயிட் மக்களைவிடக் குளிர் உடுப்பு தெரிந்தவர்கள் இல்லை. கரிபூ மான் தோலில் இரண்டு சட்டை: உள்ளே போடுவது ரோமம் உடம்பைப் பார்க்க, வெளியே போடுவது ரோமம் காற்றைப் பார்க்க. தோலுக்கான வேட்டை கோடைக் கடைசியிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும். அப்போதுதான் ரோமம் அளவான நீளத்தில் இருக்கும், நடுக்குளிரில் அது மிதமிஞ்சித் தடித்துவிடும். தைப்பது பெண்கள், தசைநார் நூலால். நனைந்தால் நார் உப்பித் தையல் துளையை அடைத்துக்கொள்ளும். முகத்தைச் சுற்றி வால்வரின் என்ற விலங்கின் ரோமம், மூச்சுப் பனி அதில் ஒட்டினாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு கோலால் உடுப்பை அடித்துப் பனியை உதிர்த்தாக வேண்டும். உள்ளே போய் உருகினால் தோல் ஈரமாகும், மறுநாள் அது உடுப்பாக இருக்காது.

◆ இவ்வளவும் யாருக்காகவோ அந்த மான் தன்பாட்டில் என்ன உடுத்தியிருக்கிறது? கோடையில் மெல்லிய செம்பழுப்பு, இலையுதிர்காலத்தில் அதை உதிர்த்துவிட்டுச் சாம்பல்பழுப்பு. வெளிரோமம் உள்ளே குழலாக இருக்கும், அடியில் மென்ரோமம், அதற்கடியில் கொழுப்பு. முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும், சூடு வெளியே வரவில்லை என்று அர்த்தம். நவம்பரில் திடீர் வெயிலடித்தால் அந்தக் கோட்டைக் கழற்ற அதற்கு வழியில்லை. நிழலில் படுத்துவிட்டு ராத்திரியில்தான் நடமாடும். மேலே பரணில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருப்பவர் அன்று வெறுங்கையோடு போவார்.

◆ பரண் ஏறும்போது தடித்த கோட்டோடு ஏறக்கூடாது. பாதுகாப்புப் பட்டையை மரத்தில் மாட்டிக்கொண்டு ஏறி, உட்கார்ந்தபின் பையையும் குண்டு கழற்றிய துப்பாக்கியையும் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வது முறை.

◆ கடைசியாக, யாரும் விளம்பரத்தில் சொல்லாத சிக்கல். குளிரில் தோலடி ரத்தம் உள்ளே ஒதுங்குவதால் சிறுநீரகம் ‘ரத்தம் கூடிவிட்டது’ என்று நினைத்து நீரை வெளியேற்றும். இரண்டு மணிக்கொருதரம் அவசரம் வரும். தரையிலிருந்து பதினைந்தடி உயரம், இடுப்பில் பட்டை, மேலே மார்புவரை ஏறும் கால்சட்டை, கீழே ஐந்து அடுக்கு. ஆண்கள் அகலவாய் பாட்டிலோடு சமாளிக்கிறார்கள். பெண்களுக்கு வெகுகாலம் ஆண்களின் கால்சட்டையையே சிறிய அளவில் வெட்டிக் கொடுத்து, எல்லாவற்றையும் தோள்வரை கழற்றவைத்தார்கள். இப்போது பின்பக்கம் மட்டும் ஜிப் வைத்து இறக்கும் ரகம் வந்துவிட்டது. வாங்குமுன் அந்த ஜிப்பைக் கடையிலேயே நாலுதரம் இழுத்துப் பார்த்து, சத்தம் வருகிறதா என்று கேட்டுவிடுகிறார்கள்.